விசுக்கோத்தின் பெயரும் போரும்

மாவும் வெண்ணெயும் சீனியும் சேர்த்துப் பிசைந்து, ஜாம் வைத்து, வீட்டுப் போறணையில் வேகவிடும் எளிய விசுக்கோத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மன்னர்தம் போர்களைப் படிக்கும் நாம் அடுக்களையின் வரலாற்றை அற்பமெனத் தள்ளிவிடுகின்றோம். அப்போர்களின் வடு அடுக்களையிலும் பதிந்திருக்கின்றது.

ஒஸ்திரியா தேசத்தில், தான்யூப் நதிக்கரையில், லின்ஸ் என்னும் நகர் உளது. அதன் பெயரால் வழங்கும் 'லின்சர்' பணியாரத்தின் செய்முறை 1653ஆம் ஆண்டிலேயே ஒரு சீமாட்டியின் சமையற் சுவடியில் எழுதப்பட்டது. அட்மொன்ற் மடாலயத்திற் பேணப்பட்ட அச்சுவடியிலிருந்து அது 2005இல் மீண்டும் வெளிப்பட்டது.

அக்காலத்திற் சீனி செல்வர்க்கே உரிய பண்டம். 1747இல் பேர்லின் நகரத்து மார்க்கிராவ் என்பார் பீற்றூட் இனக் கிழங்கிற் சீனி இருத்தலைக் கண்டார். அவர் மாணாக்கர் அக்கார்ட் 1801இல் அதற்கென ஆலை நிறுவினார். பிரித்தானியாவிற் சீனி மீதான வரி 1874இல் நீங்கவே, எளியோர் மேசைக்கும் ஜாம் வந்து சேர்ந்தது.

லின்சர் விசுக்கோத்து ஸ்கொத்லாந்திலும் குடிபுகுந்தது. இரு வட்டங்களுக்கிடையே ஜாம், மேலே வெண்சீனிப் பூச்சு, உச்சியில் ஒரு செரிப்பழம். சீனி ஒரு பங்கு, வெண்ணெய் இரு பங்கு, மா மூன்று பங்கு என்பது அந்நாட்டு வெண்ணெய் விசுக்கோத்தின் பழைய அளவு. ஜேர்மானியப் பெயராலேயே அதனை அங்கு அழைத்து வந்தனர். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பகைவர் பெயரை நாவால் உரைக்கவும் மனமில்லாதார் 'எம்பயர் விசுக்கோத்து' எனப் புதுப்பெயர் சூட்டினர். 1917இல் அரச குடும்பமே தன் ஜேர்மானியப் பெயரை விடுத்து 'வின்சர்' ஆயிற்றெனின், விசுக்கோத்து எம்மாத்திரம்! பெயரை மாற்றினர், சுவையை மாற்றினாரல்லர். இன்று அப்பேரரசும் மறைந்தது. அதன் பெயர் தின்பண்டத் தட்டில் எஞ்சி நிற்கின்றது.

நம் நாட்டிலோ, 'விசுக்கோத்து', 'போறணை' என்பன போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். ஒல்லாந்தரின் 'கூக்கியே' என்ற சொல்லே ஆங்கிலத்திற் 'குக்கி' ஆகவும், சிங்களத்திற் 'கொக்கிஸ்' ஆகவும் வழங்குகின்றது. இத்தகைய சொற்களைக் கட்டுரைகளிற் கண்டபோதெல்லாம் சிவப்பு மையாற் கீறியவன் நான். இப்போது அவ்வாறு கீறுவதில்லை. ஆண்டவர் சென்றபின்னும் நம் தாய்மார் அச்சொற்களைப் போறணையருகே வைத்து வளர்த்தனர். வெறுப்பினாற் பெயரை அழிக்கலாம். பகிர்ந்துண்ட சுவையை அழித்தல் எளிதன்று.