அணைந்த விளக்கு என்ன சொல்கிறது? ரயில்வே சிக்னல் விளக்குப் பழுது கையாளப்பட்ட வரலாறு

சிக்னல் விளக்கு அணைந்துபோவதை அடியோடு தடுக்க எந்த ரயில்வேயாலும் முடிந்ததில்லை. எண்ணெய் தீரும், திரி கருகும், பல்பின் இழை அறும். விளக்கு அணைந்துவிட்டால் ஓட்டுநர் அதை எந்தக் குறியாகக் கொள்ள வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே பாதுகாப்பை வளர்த்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரிட்டனின் தொடக்ககால ரயில்பாதைகளில் இரவில் சிவப்பு 'நில்' என்றும், பச்சை 'எச்சரிக்கை' என்றும், வெள்ளை 'செல்' என்றும் பொருள்பட்டன. வெள்ளைக்கு நிறக் கண்ணாடி வேண்டாம். சுடர் தொலைவிலும் தெரியும். ஆனால் சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் பின்னாலிருக்கும் சுடர் வெள்ளையாகத் தெரிந்து, வண்டியை வரச் சொல்லிவிடும். பாதையோர வீட்டு விளக்கைக்கூட அனுமதிக் குறியென நம்ப இடமிருந்தது. கருவி பழுதானதே அனுமதி ஆகிவிடும் ஏற்பாடு அது.

அதன் விலை 1876 ஜனவரி 21 அன்று, கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் அபாட்ஸ் ரிப்டனில் தெரிந்தது. அக்காலக் கைகாட்டியின் கை, 'செல்' நிலையில் கம்பத்தின் பிளவுக்குள் மடங்கிக் கிடக்கும். வண்டி இல்லாதபோதும் அதுவே இயல்பு நிலை. அன்று கடும் பனிப்பொழிவு. பிளவுக்குள் பனி இறுகி உறைந்தது. சிக்னல் கேபினில் நெம்புகோலை 'நில்' நிலைக்குத் தள்ளியும் கை வெளியே வரவில்லை. விளக்கு வெள்ளையையே காட்டியது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த விரைவு ரயில், ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த நிலக்கரி வண்டியில் மோதியது. சற்று நேரத்தில் லீட்ஸ் செல்லும் விரைவு ரயிலும் அந்தச் சிதைவில் மோதியது. விளக்குகள் அணையவில்லை என்பதுதான் இதில் கொடுமை. நன்றாக எரிந்துகொண்டே அவை தவறான செய்தியைச் சொல்லின.

விபத்துக்குப் பின் கைகாட்டியின் இயல்பு நிலை 'நில்' என மாறியது. 'செல்' குறிக்கு வெள்ளை போய்ப் பச்சை வருவதற்கு 1890-கள் வரை ஆயிற்று. எண்ணெய்ச் சுடர் மஞ்சள் சாயல் கொண்டதால் பச்சைக் குறிக்கான கண்ணாடி நீலம் கலந்ததாக வார்க்கப்பட்டது. சுடர் அதன்வழியே பச்சையாகத் தெரிந்தது. இதன்பின், சிக்னல் இருக்கும் இடத்தில் வெள்ளை தெரிந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது, நிற்க வேண்டும் என்றாயிற்று.

முழு இருட்டுக்கும் அதே பொருள் தரப்பட்டது. இந்திய ரயில்வேயின் பொது விதி 3.74 இதே மரபில் வந்தது. வழக்கமாகச் சிக்னல் உள்ள இடத்தில் அது இல்லாவிட்டாலும், எரிய வேண்டிய விளக்கு எரியாவிட்டாலும், நிறத்துக்குப் பதில் வெள்ளை தெரிந்தாலும் அந்தச் சிக்னலின் மிகக் கடுமையான குறியாகவே லோகோ பைலட் எனப்படும் ஓட்டுநர் அதைக் கொள்ள வேண்டும். இவ்விதியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். இருட்டில் தெரியாத கம்பம் எங்கே நிற்கிறது என்று அறிந்தவருக்கே அது பயன்படும். புதிய பாதையில் ஓட்டுமுன் லோகோ பைலட் அப்பாதையைப் பழக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

கேபினில் இருப்பவருக்கும் விளக்கின் நிலை தெரிய வேண்டும். விளக்குப் பெட்டியின் பின்புறத் துளைவழி வரும் சிறு வெளிச்சம் அதற்கு உதவியது. கேபினிலிருந்து பார்வைக்கு எட்டாத சிக்னல்களில் சுடருக்கு மேல் ஈருலோகப் பட்டை பொருத்தினார்கள். சுடர் அணைந்தால் பட்டை குளிர்ந்து வளையும், மின்தொடர்பு மாறும், கேபினில் மணி அடிக்கும்.

மின்விளக்குச் சிக்னலில் இந்தக் கண்காணிப்பு ரிலே என்னும் மின்காந்தத் தொடர்பியிடம் போயிற்று. பல்பின் மின்னோட்டத்தை ஒரு ரிலே இடைவிடாமல் சோதிக்கும். இரட்டை இழைப் பல்பில் முதல் இழை அறுந்தால் இரண்டாவது தானாக எரியும். பச்சை அணைந்தால் அதைவிடக் கடுமையான குறி எரியும். சிவப்பே அணைந்தால் முந்தைய சிக்னல் சிவப்பாகி, வண்டியை இருட்டுக் கம்பத்தை அடையுமுன் நிறுத்திவிடும்.

1926-இல் லண்டன் ஹோல்பர்ன் வயடக்ட் பகுதியில் நான்கு குறிச் சிக்னல்கள் வந்தபோது இரட்டை மஞ்சளும் வந்தது. அதில் ஒரு விளக்கு அணைந்தால் எஞ்சுவது ஒற்றை மஞ்சள். அது இன்னும் கடுமையான எச்சரிக்கை. பழுது தானாகவே பாதுகாப்பான பக்கம் சாய்கிறது. கிளைப்பாதையைக் காட்டும் வெள்ளை விளக்கு வரிசையோ இதற்கு நேர்மாறு. அது அணைந்து பச்சை மட்டும் எரிந்தால், வண்டி நேர்ப்பாதை என நம்பி முழு வேகத்தில் கிளையில் திரும்பிவிடும். ஆகவே ஐந்து விளக்குகளில் குறைந்தது மூன்று எரிவது உறுதியான பின்னரே பிரதானச் சிக்னல் செல்ல அனுமதிக்கும். விளக்குச் சோதனையின் அருமை வேறெந்த இடத்தைவிடவும் இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது.

எல்இடி விளக்கு வந்ததும் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. பல எல்இடிகள் சேர்ந்த விளக்கு திடீரென அணையாது, கொஞ்சங்கொஞ்சமாக மங்கும். ரிலேக்குப் போதிய மின்னோட்டம் ஓடும், ஆனால் தொலைவில் வரும் ஓட்டுநருக்குப் போதிய ஒளி இராது. எனவே குறிப்பிட்ட அளவுக்கு மேல் எல்இடிகள் கெட்டால் விளக்கு தன் மின்னோட்டத்தைத் தானே துண்டித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். அப்போது மின்னோட்டம் நின்றதை ரிலே உணரும். பழுது கட்டுப்பாட்டு அறைக்கு எட்டும்.