மாட்டுக்கு மாண்டவன், தெய்வத்துக்குத் தலை தந்தவன்: ஜவ்வாது மலைநாட்டில் சாவுக் கற்களின் வரலாறு

ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள் ஒரே சண்டையின் சாவுச் செய்தியைச் சொல்கின்றன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில் நுளம்பன் படை படுவூர்க் கோட்டத்து மேல் அடையாறு நாட்டு ஆமையூருக்குள் புகுந்து மாட்டு மந்தையை ஓட்டிச் சென்றது. பிருதிகங்கரையனின் சேவகர்கள் எதிர்த்துப் போரிட்டு மந்தையை மீட்டார்கள், உயிர் மீளவில்லை. ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். வேலூரிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் அது வருகிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் இவ்விரு கற்களையும் எபிகிராபியா இண்டிகா நான்காம் தொகுதியில் பதிப்பித்தார்.

ஜவ்வாது மலையைச் சுற்றிய நாட்டில் இப்படிச் சாவை நினைவுறுத்தும் கற்கள் பலவகை. அம்பு தைத்து நிற்பவன், புலியைக் குத்திக்கொண்டே சாய்பவன், தன் கழுத்தில் தானே வாளை வைத்திருப்பவன், கணவனோடு தீயில் இறங்கியவள். வழிப்போக்கர்களுக்கு இவை திகிலூட்டும் விந்தைகள். தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வரிசைப்படுத்திப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. முதலில் ஊரின் மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் எழுந்தது. பிறகு தலைவனுக்காகவும் தெய்வத்துக்காகவும் செத்தவனுக்கு. பின்னர் கணவனுக்காகச் செத்தவளுக்கு. சாவு ஊரின் தேவையை விட்டு விலகிய பின்னும், அதற்குத் தந்த புகழும் நிலமும் குறையவே இல்லை. இந்த வழக்கங்கள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் பழைய இலக்கியங்களிலேயே உண்டு. இங்கே ஆராய்வது, கல்லில் எது எப்போது முதன்மை பெற்றது என்பதைத்தான்.

முகமில்லாத கற்கள்

வரிசையின் தொடக்கத்தில் இருப்பவை பெருங்கற்காலச் சின்னங்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கீழ்ச்செப்பிலியில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல்லை வைத்த கற்திட்டைகள் நிற்கின்றன. இத்தகையவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் தமிழ்நாட்டு மலைமக்கள் சொல்வதுண்டு. மலைக்குத் தெற்கே தண்டராம்பட்டு வட்டாரத்து மோட்டூரில், கல்வட்டங்களுக்கு நடுவே, தலையும் தோளுமாகத் தோன்றும் பெரிய பலகைக்கல் ஒன்று உண்டு. அதற்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று இவை எதுவும் சொல்வதில்லை. இறந்தோருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதோடு அந்தக் காலத்தின் பேச்சு முடிந்துவிடுகிறது.

தொறு

பேரும் ஊரும் கல்லில் ஏறியது தொறு எனப்படும் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையால். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கா. இராசன் தலைமையிலான தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கானது. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல் நிறுத்தும் சடங்கை ஆறு நிலைகளாக வகுக்கிறது. மலைபடுகடாம் நம் வட்டாரத்தையே பாடிய நூல். செங்கண்மா என்ற செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டு, பாதையோரத்து நடுகற்களைத் தொழுது செல்லுமாறும் சொல்கிறது. செங்கத்தை அடுத்திருப்பது ஜவ்வாது மலைதான்.

இங்கே ஏன் இவ்வளவு கற்கள்? நிலத்தின் அமைப்பு விடை தருகிறது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறவர்களுக்கு வாணியம்பாடி, ஆம்பூர் வழி ஒரு வாசல். தெற்கே செங்கம் கணவாய் இன்னொரு வாசல். கங்கரும் வாணரும் நுளம்பரும் பல்லவருக்குப் பணிந்தும் பகைத்தும் இந்த இரு வாசல்களிலும் மோதிக்கொண்டார்கள். மழை குறைந்த மேட்டு நிலத்தில் மாடுதான் செல்வம். பால், எரு, உழவு, வண்டி என எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம் என்பதால், மந்தையை இழந்த ஊர் அடுத்த விதைப்புக்குத் தாங்காது. இந்தக் கோணத்தில் பார்த்தால் ஆமையூர்ச் சண்டை பசியோடு நடந்த சண்டை. அங்கே விழுந்தவர்களின் சாவுக்கு ஊர் கடன்பட்டிருந்தது.

தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பொறுப்பில் செங்கம் வட்டாரத்தை ஊர் ஊராக ஆய்ந்து, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதியை வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்துக் கற்கள் அதில் நிறைய உண்டு. எழுத்து சுருக்கம்: அரசன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன், ஊர், தொறு, பட்டான். ஒரு மனிதனின் கடைசி நாள் ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடுகிறது. சிற்பம் கூடுதலாகச் சிலவற்றைச் சொல்கிறது. வீரனின் கையில் வில்லும் குறுவாளும்; காலடியில் கெண்டியும் சிமிழும். மறுமையிலும் அவனுக்குத் தாகம் எடுக்கும் என்று நம்பியவர்களின் பரிவு அது.

எடுத்தனூர்க் கல்லை மட்டும் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். மகேந்திரவர்மன் காலத்து எருமை மந்தைச் சண்டை ஒன்றில் கருந்தேவக்கத்தி இறந்துபட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு தனியாகவே பதிவு செய்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. காத்தவர் யாராக இருந்தாலும் நன்றி சொல்ல வேண்டும் என்ற நேர்மை அந்த மக்களிடம் இருந்தது. தொறு நடுகற்களை நான் உயர்வாக மதிப்பதற்கு இந்த ஒரு கல்லே போதும்.

விழுந்தவனின் வீட்டாருக்கு ஊர் நிலம் கொடுத்தது. உதிரப்பட்டி என்ற கொடை அதுதான். இரத்தம் சிந்தியதற்கு நிலம் என்ற இந்த ஏற்பாடு, உழைப்பாளியை இழந்த குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்கச் செய்த நியாயமான வழி. பின்னால் வேறு சாவுகளுக்கும் இதே வழி திறந்துவிட்டது.

தலைப்பலி

மாமல்லபுரம் திரௌபதி ரதத்தின் உள்சுவரில் கொற்றவை நிற்கிறாள். காலடியில் மண்டியிட்ட ஒருவன் ஒரு கையால் தன் குடுமியைப் பற்றியிருக்கிறான். மறு கையிலுள்ள வாள் அவன் கழுத்தில். முடியைத்தான் அறுக்கிறான் என்று கொண்டவர்களும் உண்டு. 1931இல் டச்சு அறிஞர் வோகல், பல்லவச் சிற்பங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், இது தலையையே காணிக்கையாக்கும் காட்சி என்று நிறுவினார். வராக மண்டபத்திலும், பின்னர் சோழர் காலப் புள்ளமங்கைக் கோயிலிலும் துர்க்கையின் பக்கத்தில் இதே காட்சி வருகிறது. புள்ளமங்கையில் தன் உடம்பின் தசையை அறுப்பவனையும் காணலாம். சிலப்பதிகாரத்து இந்திரவிழாவிலும் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலும் தலைப்பலி பேசப்படுவதால், சிற்பிகள் இதைக் கற்பனையாகச் செதுக்கினார்கள் என்று தள்ளிவிட முடியாது. கலிங்கத்துப்பரணியின் காளிகோயில் வருணனையை மட்டும் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வது தவறு. அது பரணி, அச்சமூட்டுவதே அதன் வேலை.

உறுதியான சான்று ஆந்திரத்தின் பழைய நெல்லூர் மாவட்டத்து மல்லாம் ஊரில் இருக்கிறது. கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு அது. ஒக்கொண்டநாகன் ஒக்கதிந்தன் என்பவன் படாரி என்ற பெண்தெய்வத்துக்கு நவகண்டம் கொடுத்து, அதாவது உடம்பின் ஒன்பது இடங்களில் தசை அறுத்துப் படைத்து, கடைசியில் தலையையும் அறுத்துப் பீடத்தின் மேல் வைத்தான். திருவான்மூர் ஊரார் பறை கொட்டிக் கல்மேடு எழுப்பினார்கள், நிலமும் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குக் கல்வெட்டு தரும் பெயர் தொறுப்பட்டி.

இந்த ஆய்வின் திருப்புமுனை இதுவே. கோயிலில் தன் தலையை அறுத்தவனின் சாவில் மாட்டு மந்தையும் இல்லை, பகைவனும் இல்லை. ஆனாலும் மந்தை மீட்டு விழுந்தவனுக்குரிய கொடையின் பெயரிலேயே அவனுக்கும் நிலம் போகிறது. ஊரைக் காத்தவனுக்காக ஏற்பட்ட ஏற்பாடு, தன்னையே வெட்டிக்கொண்டவனுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. கல்லும் நிலமும் தயாராக இருக்கையில் சாவின் காரணத்தை மாற்றிக்கொள்வது எளிது.

காலமும் கவனிக்கத்தக்கது. மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். இன்று கிடைக்கும் நூல்களில் அரவான் களப்பலிக் கதையை முதலில் விரிவாகச் சொல்வது அதுவே. அந்த நந்திவர்மனின் மகன்தான் ஆம்பூர்க் கல்லில் வரும் நிருபதுங்கன். கம்பவர்மனும் அதே காலத்துப் பல்லவன். மாட்டை மீட்டு விழுந்தவனும் தன் தலையை அறுத்தவனும், படை வெல்லத் தன்னைப் பலியாக்கும் இளவரசனின் கதையும் தொண்டை நாட்டில் ஒன்பதாம் நூற்றாண்டையொட்டிய சில பத்தாண்டுகளுக்குள் அருகருகே நிற்கின்றன. பல்லவ ஆட்சி தேய்ந்து எல்லையெங்கும் போர் மூண்ட காலம் அது. படைக்கு ஆள் வேண்டியிருந்தது. சாவை விரும்ப வைக்கும் கதையும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே என் முடிவு.

தலைவனுக்காகச் சாகும் வழக்கம் மேற்கே இன்னும் முறைப்பட்டது. ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலருகே ஒரு தூண் இருக்கிறது. 1220 வாக்கில் இரண்டாம் வல்லாளன் இறந்தபோது அவனுடைய தளபதி குவர லட்சுமன் மனைவியோடும் வீரர்களோடும் உயிர் துறந்ததை அது பதிவு செய்கிறது. வாளால் தம்மை வெட்டிக்கொள்ளும் உருவங்கள் தூணைச் சுற்றி இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையிலிருந்தே ஆண்டான். ஜவ்வாது மலையடிவாரத்துக்கும் அந்தப் பண்பாட்டுக்கும் தொலைவு அதிகமில்லை.

தமிழகத்தில் தனித்து நிற்கும் அரிகண்ட (தன் தலையைத் தானே அறுப்பவனைக் காட்டும்), நவகண்டக் கற்கள் பெரும்பாலும் இதற்குப் பிந்தியவை. விஜயநகர, நாயக்கர் காலக் கொண்டையும் ஆடையும் அணிந்தவை. பெரும்பாலானவற்றில் எழுத்து இல்லை. தொறு நடுகல்லில் பெயர் இருந்தது, தலைவன் இருந்தான், நாய்க்குக்கூட இடம் இருந்தது. இவற்றிலோ பெயரே கிடையாது. ஆனால் முகத்தில் அமைதியும் சில சமயம் புன்னகையும் உண்டு. அந்தப் புன்னகையைச் செதுக்கியவன் சிற்பி, செதுக்கச் சொன்னவர்கள் உயிரோடிருந்தவர்கள். நேர்ந்துகொண்டானா, நேர்ந்துவிட்டார்களா என்று செத்தவனைக் கேட்க நமக்கு வழியில்லை. 'வீரம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வகைக் கற்களையும் பாராட்டும் இன்றைய எழுத்துகளை நான் ஏற்கவில்லை.

வளையல் கை

உடன்கட்டைக் கற்களில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகிறது. வீரனின் பக்கத்தில் ஒரு பெண், உயர்த்திய கையில் வளையல், மறு கையில் மலரோ குடுவையோ. சில இடங்களில் பெண்ணின் உருவம்கூட இல்லாமல் வளையலிட்ட கை மட்டும். வழக்கம் பழையது: பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகுந்ததைப் புறநானூறு அறியும், சுந்தர சோழன் தேவி வானவன் மாதேவி கைக்குழந்தையை விட்டுத் தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. அரண்மனையில் இருந்தது விஜயநகர காலத்தில் சிற்றூர்க் கற்களுக்கும் இறங்கிவிட்டது. 1829 டிசம்பரில் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் இதைத் தடுத்தது.

தலைக்கு ஈடாக வந்தவை

தலைப்பலி ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஈடு ஈடாகக் குறைந்து வந்தது. முடி காணிக்கை, குங்குமம் தடவி உடைக்கும் பூசணிக்காய், எலுமிச்சை, அலகு எல்லாம் அந்த வழியில் வந்தவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். முதுகில் கொக்கி மாட்டிச் சுற்றும் செடலைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியான நூலில் விரிவாக எழுதினார். மனிதனுக்குப் பதில் ஆட்டையோ பொம்மையையோ மாட்டிய ஊர்களும் உண்டு. பழைய வட ஆர்க்காட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது தெருக்கூத்தில் அரவான் களப்பலியாகிறான். விடிந்ததும் வேடம் கலைத்து வீட்டுக்குப் போகிறான். யாரையும் சாகவிடாமல் அந்தப் பழைய வெறியைச் சொல்லித் தீர்க்க வழி கண்ட கூத்துக் கலைஞர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

கற்களும் வேறு வாழ்வு பெற்றன. செங்கம், தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரங்களில் நடுகல் வீரன் வேடியப்பன் ஆனான். பொங்கலும் ஆடும் கோழியும் படைக்கிறார்கள். தன் பெயர் மறந்துபோன பின்னும் அவனுக்குப் பசியாற்ற ஆள் இருக்கிறது. வழிபாடு காத்த கற்கள் இன்றும் நிற்கின்றன. வழிபாடு நின்றுபோனவை ஏரிக்கரைக்கும் மதகுக்கும் படிக்கட்டுக்கும் போகின்றன. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த்துறையின் க. மோகன்காந்தி, ஆ. பிரபு ஆகியோர் ஜவ்வாது, ஏலகிரி மலைகளிலும் அடிவார ஊர்களிலும் புதரை விலக்கிப் பல நடுகற்களை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் செய்து முடிக்கும் வேலை அல்ல இது.

உங்கள் நிலத்து வரப்பிலோ ஏரிக்கரையிலோ வாளேந்திய உருவமுள்ள கல் கிடந்தால் அதை நகர்த்தாதீர்கள். சுண்ணாம்பும் எண்ணெய்ச் சாயமும் பூசாதீர்கள். எழுத்து தெரியவில்லை என்று உளியால் சுரண்டாதீர்கள். ஒரு படம் எடுத்து, ஊரும் இடமும் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கோ வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். சாலை விரிவாக்கத்துக்கும் ஏரி தூர்வாரலுக்கும் மண் அள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.