ஹிஸ்டரி இல்லாதவர்கள்

மளிகைக் கடைகளின் பற்று நோட்டுகளை யாராவது பாதுகாத்து வைத்திருந்தால், தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வரலாற்றை அவற்றை வைத்தே எழுதிவிடலாம். எந்த மாதம் நல்லெண்ணெய் அரை லிட்டராகக் குறைந்தது, எந்த மாதம் ரவையும் சர்க்கரையும் கூடின, எந்த வீட்டில் மூன்று மாதப் பாக்கி நின்றது, எல்லாம் அதில் இருந்திருக்கும். அந்த நோட்டுகள் எடைக்குப் போய்விட்டன. எனக்கு நினைவிருப்பது பக்கத்தின் தலைப்பு மட்டும்தான். திருச்சி பொன்மலையில் நாங்கள் வாங்கிய கடையில் எங்கள் பக்கத்துக்கு 'ஒர்க்‌ஷாப்காரர் வீடு' என்று பெயர். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்கு அவர் வருடத்தில் இரண்டு முறை போயிருந்தால் அதிகம். சரக்கு வாங்கியது, கூட்டலைச் சரிபார்த்தது, "இந்த மாசம் பாதி வச்சுக்கங்க அண்ணாச்சி, மீதிய போனஸ்ல தர்றேன்" என்று நின்று பேசியது எல்லாம் அம்மா. கடன் கேட்கும் கூச்சம் அம்மாவுடையது. கடன் கிடைத்ததோ அப்பாவின் சம்பளத்தை நம்பி.

அம்மா எட்டாவது வரை படித்தவர். மாதக் காலண்டரில் பால் வராத நாளுக்கு ஒரு சுழி, அரை லிட்டர் கூடுதலாக வாங்கிய நாளுக்கு ஒரு கோடு. மின்சார மீட்டருக்கு மேலே சொருகியிருந்த வெள்ளை அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் எழுதிவிட்டுப் போவதை, அவர் தெரு தாண்டுவதற்குள் மனக்கணக்காகச் சரிபார்த்துவிடுவார். சீட்டுப் பணம் பத்தாம் தேதி, அடகுச் சீட்டின் கெடு தைக்கு முன்னால், பள்ளிக் கட்டணம் ஜூனில். இவற்றில் பாதி எங்கும் எழுதப்படவில்லை. வீட்டில் யாரும் இதை ஒரு வேலை என்று நினைத்ததில்லை. அம்மாவும் நினைத்ததில்லை.

இந்த வேலைக்கு இலக்கணம் மட்டும் நெடுங்காலமாக இருக்கிறது. திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் என்ற அதிகாரத்தின் முதல் குறளே, கணவனின் வருவாய்க்குத் தக்கபடி குடும்பத்தை நடத்துபவளைத்தான் நல்ல துணை என்கிறது. வருவாய் அவனுடையது, அதற்குள் அடக்கிக் காட்டும் திறமை அவளுடையது. இதைப் பாராட்டு என்று படித்து வளர்ந்தோம். பொறுப்பு ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும் ஏற்பாடு அது என்று படிக்க எனக்கு நாற்பது வயதாயிற்று.

அரசின் ஏடுகள் இன்னும் மோசம். 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்பவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், சிறைக் கைதிகள் ஆகியோருடன் சேர்த்து 'வேலை செய்யாதோர்' வகையில் வைத்திருந்ததை 2010இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற வழக்கு அது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். சமைப்பதும் துவைப்பதும் இப்படி நிமிடக் கணக்கில் வந்துவிடும். குழம்பைக் கிளறிக்கொண்டே 'நாளைக்கு கேஸ் புக் பண்ணணும், பதினெட்டாம் தேதி கார்டு பில்' என்று நினைப்பது எந்த நிமிடத்தில் சேரும்? அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் இந்த மன உழைப்பை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முடிவெடுக்கும் இடத்தில் ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள். முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் பெண்களின் தலையில் இருந்தன.

பெண்களுக்கென்று இருந்த பணம் சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பழைய புடவை மடிப்பிலும் இருந்தது. அது கணக்கில் வராத பணம் என்று கேலி பேசியவர்கள் உண்டு. கணக்கில் வந்தால் தன்னுடையதாக இருக்காது என்று தெரிந்ததால்தான் அவள் அதைக் கணக்கில் காட்டவில்லை. 2016 நவம்பர் 8 இரவு அந்தச் சிறுவாடு அத்தனையும் வெளியே வந்தது. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் கட்டினால் விசாரிக்க மாட்டோம் என்று அரசு சொன்னது. வருமான வரித்துறை விசாரிக்கவில்லைதான். வீட்டுக்குள் நடந்த விசாரணைகளைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒன்றும் இல்லை.

இனி கிரெடிட் கார்டுக்கு வருவோம். நம் நாட்டில் சென்ட்ரல் பேங்க் 1980இல் தன் கார்டை வெளியிட்டது. நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கார்டுகள் நுழைந்தது தனியார் வங்கிகள் பெருகிய பிறகு. ஆனால் கார்டுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சண்டை அதற்கு முன்பே, அது பிறந்த அமெரிக்காவில் நடந்து முடிந்திருந்தது. அங்கே 1960களில் மணமான பெண்ணுக்குக் கடையில் கணக்கு வேண்டுமென்றால் அது 'திருமதி ஜான் ஸ்மித்' என்ற பெயரில் இருக்கும். சொந்தச் சம்பளமும் சொந்தக் கணக்கும் வைத்திருந்தவள் திருமணம் செய்துகொண்டால், கடை அந்தக் கணக்கை மூடிவிட்டுக் கணவன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லும். வீட்டுக் கடனுக்கு மனைவியின் சம்பளத்தையும் சேர்க்க வேண்டுமானால், குழந்தை பெற மாட்டாள் என்பதற்கு மருத்துவரின் கடிதம் கேட்ட இடங்களும் உண்டு. டென்னிஸில் சம்பாதித்துச் சட்ட மாணவரான கணவரைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த பில்லி ஜீன் கிங்குக்குத் தன் பெயரில் கார்டு கிடைக்கவில்லை.

1972இல் தேசிய நுகர்வோர் நிதி ஆணையம் இதைப் பற்றி விசாரணை நடத்தியது. பெண்கள் வந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். 1974இல் கடன் வாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றக் குழுவில் இருந்தபோது, அதில் பாலினத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லூசியானா உறுப்பினர் லிண்டி பாக்ஸ் 'பால், மண நிலை' என்ற சொற்களைத் தன் கையால் எழுதிச் சேர்த்து, நகல் எடுத்து உறுப்பினர்களிடம் கொடுத்தார். இது விடுபட்டது உங்கள் கவனக்குறைவுதான் என்று எனக்குத் தெரியும் என்று இனிமையாகச் சொன்னாராம். அவர் கணவரை விமான விபத்தில் இழந்து, அவருடைய தொகுதியில் நின்று வென்று வந்தவர். 1974 அக்டோபர் 28இல் அது சட்டமாயிற்று. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு விதி. கணவனும் மனைவியும் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கின் விவரத்தை இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று 1977 ஜூன் முதல் கட்டாயமாக்கினார்கள். கார்டு கொடுத்தால் மட்டும் போதாது, அவள் ஒழுங்காகக் கட்டினாள் என்பது அவள் பெயரில் எழுதப்பட வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இங்கே நம் வீடுகளில் புழங்குவது ஆட்-ஆன் கார்டு. கணவர் பெயரில் கார்டு, மனைவிக்குக் கூடுதலாக இன்னொன்று. அதில் அவள் பெயர் அச்சிட்டிருக்கும். ஆனால் கணக்கு அவருடையது, பில் அவருக்கு, கட்ட வேண்டிய பொறுப்பும் அவருக்கு. அவள் பத்து வருடம் தேதி தவறாமல் கட்டினாலும் பொதுவாக அவர் ஸ்கோர்தான் ஏறும்.

என் அக்காவுக்கு இந்த விவரம் 2021இல் தெரிந்தது. அத்தான் கொரோனாவில் போன வருடம்.

அக்கா வீட்டில் நான்கு கார்டுகள். நான்குக்கும் பில் தேதி வேறு, கெடு தேதி வேறு. பில் போட்ட மறுநாள் வாங்கினால் ஏறத்தாழ ஐம்பது நாள் வட்டியில்லாமல் கிடைக்கும், பில்லுக்கு முதல் நாள் வாங்கினால் இருபது நாள்கூட இருக்காது. இதை வைத்துக்கொண்டு எந்த மாதம் எந்தச் செலவை எந்தக் கார்டில் போடுவது என்று அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பிள்ளைகளின் கட்டணம் ஒன்றில், பெட்ரோலும் மளிகையும் ஒன்றில், ஆஸ்பத்திரிக்கென்று ஒன்று தொடாமல். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் அச்சடித்திருப்பதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அதை மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி ஓடும், புதிதாக வாங்குவதற்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். கந்துவட்டிக்காரன் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்பாள். அவளிடம் ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவைக் கொடுத்திருக்கலாம்.

அத்தான் இறந்ததை வங்கிக்குத் தெரிவித்ததும் நான்கு கார்டுகளும் நின்றன. அவள் கையிலிருந்த கூடுதல் கார்டுகளும் சேர்ந்தே நின்றன. மின் இணைப்பு அவர் பெயரில், கேஸ் அவர் பெயரில், வீட்டு வரி மாமனார் பெயரில். எல்லாவற்றுக்கும் ஓடிபி போகும் எண் அவருடையது. அந்த போனை அவள் ஆறு மாதம் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தாள். பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். அதுவும்தான். ஆனால் அது அணைந்துவிட்டால் வீட்டில் ஒரு பில்லும் கட்ட முடியாது.

கார்டு பாக்கிக்கு வசூல் ஆட்கள் அவளுக்குப் போன் செய்தார்கள். இறந்தவரின் கடன், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளைச் சேரும். தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நகையை வைத்துக் கட்டினாள். பிறகு தன் பெயரில் ஒரு கார்டு கேட்டு விண்ணப்பித்தபோது, கவுன்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்: "உங்க பேர்ல ஹிஸ்டரியே இல்லையே மேடம்."

இருபத்தாறு வருடக் கணக்கு அவள் பையில் நோட்டாக இருந்தது. வரலாறு படித்த எனக்கு இந்தச் சொல் இப்படிக் காதில் விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பெயர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டம் 1989இல் வந்தது. அப்போதும் அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை. அதே 1989இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, கூட்டத் தீர்மானப் புத்தகம் என்று பெண்கள் எழுதிய கணக்குகள் முதல்முறையாக வங்கி மேசைக்குப் போயின. அது பெரிய காரியம். ஆனால் பின்னால் வந்த நுண்கடன் நிறுவனங்கள் அந்தப் பெயரை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டன. கடன் மனைவி பெயரில், பணம் கணவன் கையில், வார வசூலுக்கு வாசலில் நிற்பவள் அவள். மளிகைக் கடை நோட்டில் இல்லாத பெயர் இங்கே இருக்கிறது, அவமானப்படுவதற்கு.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவி என்று எழுதச் சொன்னது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதை உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்றது. அந்தச் சொல்தேர்வு சும்மா வந்ததல்ல. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சவூதியில் சம்பாதித்துப் பணம் அனுப்பிய கணவர், ஊரில் குடும்பத்தை நடத்திய மனைவி என்ற வழக்கில், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் பாதி உண்டு என்றது. அவள் செய்ததாக நீதிபதி குறிப்பிட்ட வேலைகளில் திட்டமிடுவதும் வரவு செலவு பார்ப்பதும் இருந்தன. தீர்ப்பைப் படித்தபோது அம்மாவின் காலண்டர் சுழிகள் நினைவுக்கு வந்தன. அந்தக் காலண்டர்களும் எடைக்குப் போனவைதான்.

அக்கா கடைசியில் ஐம்பதாயிரம் ரூபாயை வைப்பு நிதியில் போட்டு, அதன் பேரில் தரும் கார்டை வாங்கினாள். அவளுடைய சொந்தப் பணத்துக்கு அவளே கடன்காரி. வேறு வழியில் ஹிஸ்டரி தொடங்காது என்றார்கள். மின் இணைப்பைப் பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழோடு நான்கு முறை நடந்தாள். மகள் வேலைக்குப் போன முதல் மாதமே அவளை அழைத்துக்கொண்டு போய், அவள் பெயரில், அவள் எண்ணில், தனியாக ஒரு கணக்கும் கார்டும் வாங்க வைத்தாள். "மாப்பிள்ளை பாக்குறதுக்கு முன்னாடி இது இருக்கட்டும்டி" என்று என்னிடம் போனில் சொன்னாள். அந்தக் கார்டின் பில் தேதி ஐந்து, கெடு இருபத்து மூன்று. அதை அக்கா தன் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.