வளிமண்டல அழுத்தமும் நில அதிர்வுப் பின்னணி இரைச்சலும்

நில அதிர்வுப் பின்னணி இரைச்சல் என்பது, நிலநடுக்கம் நிகழாத வேளையிலும் நிலநடுக்கமானிகளில் இடைவிடாது பதிவாகும் மெல்லிய அதிர்வுகளைக் குறிக்கும். இவ்விரைச்சல் மிகும்போது சிறு நிலநடுக்கங்களின் பதிவுகள் அதனுள் மறைந்துவிடுகின்றன. இதன் காரணங்களுள் ஒன்றான வளிமண்டல அழுத்த மாற்றம், கடலலைகள் வழியாகவும் நேரடியாகவும் நிலத்தைப் பாதிக்கிறது.

வரலாறு

1870களில் இத்தாலியின் புளோரன்சு நகரில் ஊசல்களை நுண்ணோக்கியால் கவனித்துவந்த திமோத்தேயோ பெர்த்தெல்லி என்னும் துறவி, பாரமானியில் அழுத்தம் குறையும் காலங்களில் ஊசல்களின் அசைவு மிகுவதைக் கண்டறிந்தார்.

கடல்வழித் தாக்கம்

கடல்மேல் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் பெரும் அலைகளை எழுப்புகின்றன. எதிரெதிர்த் திசைகளில் செல்லும் அலைகள் சந்திக்கும்போது நிலையலைகள் தோன்றுகின்றன. இவற்றின் அழுத்த மாற்றம் ஆழ்கடலின் அடித்தரையையும் எட்டி, நுண்ணதிர்வுகளை உண்டாக்குகிறது. இந்நுண்ணதிர்வுகளின் அலைவு நேரம் கடலலையின் அலைவு நேரத்தில் பாதியாகும். எடுத்துக்காட்டாக, 12 நொடி அலைகள் 6 நொடி நுண்ணதிர்வுகளைத் தருகின்றன. இக்கோட்பாட்டை 1950 இல் பிரித்தானியக் கணிதவியலாளர் மைக்கேல் லாங்கெட்-இக்கின்சு விரிவாக நிறுவினார். நுண்ணதிர்வுகள் நெடுந்தொலைவு பரவுவதால், உள்ளூரில் பாரமானி மாறாதிருக்கும்போதும் இரைச்சல் மிகக்கூடும்.

நேரடித் தாக்கம்

1 ஹெக்டோபாசுக்கல் அழுத்த உயர்வு, ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடை கூடுவதற்கு ஒப்பாகும். இச்சுமை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் நிலம் மிகச் சிறிதளவு சாய்கிறது. சாய்வினால் புவியீர்ப்பின் ஒரு கூறு கிடைத்திசை முடுக்கம்போல் பதிவாவதால், கிடைத்திசைப் பதிவுகளே பெரிதும் பாதிப்படைகின்றன. மேலும், கருவிக்கு மேலுள்ள காற்றுத்திணிவு கருவியின் நிறையை மேல்நோக்கி ஈர்க்கிறது. இவ்விளைவு, அலைவு நேரம் சில நூறு நொடிகளுக்கு மேற்பட்ட செங்குத்துப் பதிவுகளில் புலப்படுகிறது.

இரைச்சலைக் குறைத்தல்

உள்ளூர் அழுத்தச் சுமையின் தாக்கம் ஆழம் செல்லச் செல்லக் குறைவதால், கருவிகள் ஆழ்துளைகளிலும் காற்றுப்புகா நிலவறைகளிலும் நிறுவப்படுகின்றன. அருகில் நுண்பாரமானி ஒன்றை அமைத்து, அழுத்தத்தால் விளைந்த பகுதியைக் கணித்துப் பதிவிலிருந்து கழிப்பதும் வழக்கம்.

செவ்வாயில்

2018 நவம்பரில் செவ்வாயில் தரையிறங்கிய நாசாவின் இன்சைட் விண்கலம், நிலநடுக்கமானியுடன் அழுத்த உணரியையும் கொண்டிருந்தது. அங்குக் கடல் இல்லாததால் கடலலை இரைச்சலும் இல்லை. ஆனால், கடந்துசெல்லும் காற்றுச்சுழல்களின் மையத்திலுள்ள குறைந்த அழுத்தம் நிலத்தைச் சற்று மேலெழச் செய்து, கருவியைச் சாய்த்தது. இரு பதிவுகளையும் ஒப்பிட்டு, இச்சாய்வுகளைச் செவ்வாய் நடுக்கங்களிலிருந்து வேறுபடுத்த முடிந்தது. இத்திட்டம் 2022 திசம்பரில் நிறைவுற்றது.