பப்பாளிப் பாலும் கண்ணாடித் தண்டும்

1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற நொதியை முயல்களின் இரத்தக் குழாயில் செலுத்தினார். விறைப்பாக நிற்கும் காதுகள் துவண்டு தொங்கிவிட்டன. காதைத் தாங்கும் குருத்தெலும்பின் அடிப்பொருளை நொதி கரைத்திருந்தது. சில நாளில் காதுகள் பழையபடி நிமிர்ந்துகொண்டன. முயல்களுக்கு வேறு பாதிப்பு எதுவும் தெரியவில்லை. லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவருக்கு இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. முதுகில் பிதுங்கி நிற்கும் டிஸ்க்குக்குள் இதே வகை நொதியை ஊசியால் செலுத்தினால் என்ன? கத்தியே வேண்டாமே!

அந்த ஆசை புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இடுப்பில் தொடங்கி கால்வரை மின்னல் மாதிரி இறங்கும் வலிக்கு, பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவது காரணமாக இருக்கலாம் என்று தெளிவாக நிறுவியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும். ஆண்டு 1934. அதற்குமுன் அறுத்தெடுத்த துண்டுகளில் பலவற்றைக் கட்டி என்றே நினைத்திருந்தார்கள். காரணம் தெரிந்தபிறகு வழியும் தெரிந்தது. முதுகைத் திற, தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கு, எலும்பைக் கொஞ்சம் வெட்டு, துண்டை எடு. நரம்பு விடுபட்டது. ஆனால் அங்கே போய்ச் சேர வெட்டிய தசையும் எலும்பும் தனிக்கணக்கு. சுவருக்குள் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய முழுச்சுவரையும் இடிப்பதுபோல.

குழாய் விட்டு உள்ளே பார்க்கும் யோசனையும் கிட்டத்தட்ட அதே வயதுதான். 1931-இல் நியூயார்க்கில் மைக்கேல் பர்மன், இறந்தவர்களின் முதுகெலும்பில் குழாயை நுழைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளில் லாரன்ஸ் பூல் உயிருள்ள நோயாளிகளுக்கே அதைச் செய்தார். பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். எதையும் எடுக்க முடியவில்லை. பார்த்ததும் மங்கலாகத்தான் தெரிந்தது.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் கூடுகிறது (நான் பொறியியல் படித்தவன், மன்னிக்கவும்). அந்தக் காலத்து எண்டோஸ்கோப் என்பது நீளமான காற்றுக்குழாய், நடுநடுவே சின்னச் சின்ன லென்ஸ்கள். வெளிச்சத்தில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிவிடும். இங்கிலாந்து இயற்பியலாளர் ஹரால்டு ஹாப்கின்ஸ் 1950களின் கடைசியில் அதை அப்படியே திருப்பிப் போட்டார். காற்று இருந்த இடத்தில் நீண்ட கண்ணாடித் தண்டுகள், லென்ஸ் இருந்த இடத்தில் மெல்லிய காற்று இடைவெளி. அதே தடிமன் குழாயில் பலமடங்கு வெளிச்சம் வந்தது. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் 1960களில் அதைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. வெளியிலிருக்கும் விளக்கிலிருந்து கண்ணாடி இழை வழியே ஒளியை உள்ளே அனுப்பும் முறையும் சேர்ந்துகொண்டது. இன்று முதுகெலும்பு எண்டோஸ்கோப்பி பற்றிய கட்டுரைகளில் அறுவை மருத்துவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஹாப்கின்ஸ் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அடுத்த சிக்கல், எந்த வழியாக உள்ளே போவது? 1970களில் தோக்கியோவில் ஹிஜிகாத்தாவும் பிலடெல்பியாவில் பார்விஸ் காம்பினும் தனித்தனியாக ஒரே திசையை யோசித்தார்கள். நடுமுதுகிலிருந்து போகாமல், பக்கவாட்டில் சாய்வாகப் போவது. முதலில் எக்ஸ்ரே படத்தை நம்பி, கண்ணால் பார்க்காமலே டிஸ்க்கின் உட்பகுதியைக் குறைத்தார்கள். பிறகு காம்பின், நரம்பைத் தொடாமல் கருவி போகக்கூடிய இடத்தை ஒரு முக்கோணமாக வரையறுத்தார். வெளியேறும் நரம்பு அதன் சாய்ந்த பக்கம், கீழ் முள்ளெலும்பின் மேல்விளிம்பு அடிப்பக்கம். இன்றும் அதற்குக் காம்பின் முக்கோணம் என்றுதான் பெயர். இன்றைய கருவிக்குழாய் சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும், இரத்தத்தைக் கழுவி காட்சியைத் தெளிவாக வைக்கும். இந்தப் பக்கவாட்டு முறையில் பலருக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. இடத்தை மரத்துப்போகச் செய்தால் போதும். கருவி நரம்பை நெருங்கினால் நோயாளியே கத்திவிடுவார். இதைவிட நல்ல எச்சரிக்கைக் கருவியை நாங்கள் எந்தத் தொழிற்சாலையிலும் வைத்ததில்லை!

பப்பாளி என்ன ஆனது? 1960களில் ஸ்மித் மனிதர்களுக்குச் செலுத்தத் தொடங்கினார். 1970களின் நடுவில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் பொய்மருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிந்தைய ஆய்வுகள் பயன் இருப்பதைக் காட்டின. 1982-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியதும், சிலருக்குக் கடும் ஒவ்வாமை, மிகச் சிலருக்குத் தண்டுவடப் பாதிப்பும் கால் செயலிழப்பும். மருத்துவர்களின் நம்பிக்கை போனது, பிறகு விற்பனையும் நின்றது. வேலை செய்த மருந்துதான். கத்தி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டதுதான் கோளாறு. கதை அதோடு முடியவும் இல்லை. 2018-இல் ஜப்பான் கொண்டோலியேஸ் என்ற வேறொரு நொதிக்கு இதே வேலைக்காக அனுமதி தந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாய்மாமா. முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டியவர். “இடுப்பு புடிச்சிகிச்சுடா” என்று ஒருநாள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே சிரமப்பட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. சின்னத் துளைதான், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். விலையைக் கேட்டு அத்தைக்குத்தான் முதலில் இடுப்பு வலித்தது.

படத்தில் பிதுங்கல் தெரிவதும் வலிக்குக் காரணம் தெரிவதும் ஒன்றல்ல. 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, எந்த வலியும் இல்லாதவர்களிலேயே 20 வயதில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுங்கல் படத்தில் தெரிகிறது. டிஸ்க்கால் வரும் கால்வலியும் பெரும்பாலோருக்குச் சில வாரங்கள், சில மாதங்களில் அறுவை இல்லாமலே தணிகிறது. கால் பலம் இழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது வேறு. அப்போது ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. சீனாவும் தென்கொரியாவும் முன்னணியில். ஒரு துளையில் கேமரா, இன்னொன்றில் கருவி என்ற இரட்டைத் துளை முறையைக் கொரிய மருத்துவர்கள் பெரிதாக வளர்த்திருக்கிறார்கள். டிஸ்க்கை எடுப்பதோடு நிற்காமல், முதியவர்களின் குறுகிப்போன தண்டுவடக் குழாயை விரிவாக்குவது, முள்ளெலும்புகளை இணைப்பது என்று எல்லை விரிகிறது. ஆனால் நிறைய கட்டுரைகள் ஒரே மருத்துவமனை, ஒரே குழு, முடிந்துபோன நோயாளிகளின் பழைய கோப்புகளைத் திரும்பிப் பார்ப்பவை. தன் கருவியைத் தானே மெச்சிக்கொள்ளும் தொனி சிலவற்றில் உண்டு.

அதனால்தான் 2022-இல் பிஎம்ஜே இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 613 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எண்டோஸ்கோப், மற்றவர்களுக்கு வழக்கமான திறந்த முறை. ஓராண்டு கழித்துக் கால்வலியில் எண்டோஸ்கோப் எவ்விதத்திலும் சளைத்ததல்ல என்று வந்தது. கொஞ்சம் மேல் என்றும் சொல்லலாம், ஆனால் வித்தியாசம் சின்னது. பிரசுரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. அந்த ஆய்வில் இன்னொரு நேர்மையும் உண்டு. மருத்துவர்கள் இந்த முறையைப் புதிதாகக் கற்றுக்கொண்ட கட்டத்தில் செய்த அறுவைகளைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். கை பழகும்வரை முடிவுகள் வேறு மாதிரி இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். துளை சின்னதாக ஆக ஆக, அதற்குள் கை பழக எடுக்கும் காலம் நீள்கிறது. அந்தக் காலத்தில் மேசையில் படுத்திருப்பதும் ஒரு நோயாளிதானே.

நான் இதைச் சொன்னபோது மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது இளம் மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிட்டார். “நீங்க இத எத்தன பேருக்குச் செஞ்சிருக்கீங்க டாக்டர்?” அவர் கோபிக்கவில்லை. எண்ணிக்கையைச் சொன்னார், தன்னோடு மூத்த மருத்துவர் ஒருவரும் இருப்பார் என்றார், கால் பலம் குறையாதவரை இன்னும் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். இப்போது நான்காவது வாரம். மாமா காலையில் தோட்டத்துச் சாலையில் கொஞ்சதூரம் நடக்கிறார்.