கழைக்கூத்தும் சர்க்கஸ் கலையும்

ஊர்த் திருவிழாக்களில் கழைக்கூத்தாடிகளைக் கண்டு கைதட்டிய நாம், அவர்தம் கலையின் வரலாற்றை எண்ணிப் பார்த்ததில்லை. சங்க இலக்கியமாகிய குறுந்தொகையின் 7ஆம் பாடலிலேயே கயிற்றின்மேல் ஆடுவோரும் அவர்க்கென முழங்கும் பறையும் இடம்பெறுகின்றன. இத்துணைத் தொன்மை இருந்தும், தெருவில் ஆடியவர்க்குக் கிட்டியவை சில்லறைக் காசும் இழிசொல்லுமே ஆகும்.

பொட்டிபுரத்து மக்கள் ஏலத்தோட்ட வேலைக்கெனப் போடிமெட்டு ஏறிச் செல்லும் கேரளத்தின் வடபகுதியில், தலச்சேரி என்னும் ஊர் உள்ளது. 1880இல் இந்திய சர்க்கஸ் குழுவை நிறுவிய மராட்டியர் விஷ்ணுபந்த் சத்ரே, பின்னர் அவ்வூருக்கு வந்தார். அங்கே உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அவருடைய தூண்டுதலால் வித்தைகளைக் கற்பிக்கலானார். 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். அதன்பின் தலச்சேரிக் கலைஞர்கள் நாடெங்கும் பரவினர். அவ்வூர்க் கயிற்றாட்டக்காரர் கண்ணன் பம்பாயோ அயல்நாட்டு அரங்குகளிலும் புகழ் பெற்றார்.

தெருவில் இரந்துண்ணச் செய்த வித்தையைப் பள்ளி ஒன்று மதிப்புள்ள தொழிலாக்கியது என்பது நாம் கருதத்தக்கது. எனினும் கூடாரங்களில் சிறுவர் பட்ட துன்பமும் சிறிதன்று. சர்க்கஸில் சிறுவரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யுமாறு 2011இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இளைஞர்களே! நம் தெருக் கலைவிழாவில் பறை, சிலம்பம் ஆகியவற்றோடு கழைக்கூத்துக்கும் மேடை தாருங்கள். ஆடுவோரின் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்துங்கள். விழா முடிந்த மறுநாளே அவர்தம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கலைஞர்க்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு அதுவே.