நனைந்த தாள், காய்ந்த கண்: ஒரு நோயின் வரலாறு

கொரோனாக் காலத்தில் லெக்சர் எல்லாம் போனுக்குள் வந்தபோது எங்களில் பலருக்கும் ஒரே முறைப்பாடுதான். கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரி உறுத்தும், எரியும். பின்னேரமானால் எழுத்து மங்கும்; இரண்டு தரம் சிமிட்டினால் தெளியும்; திரும்ப மங்கும். எங்கள் தோழி ஒருத்திக்கு இவ்வளவும் போதாதென்று கண்ணால் தண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது. கண் காட்டப் போன இடத்தில், "கண்ணீர் அளவாத்தான் இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை, போன் பார்க்கிறதைக் குறையுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில், படிக்கப் பஞ்சிப்பட்டுச் சொல்லுகிறாள் என்று கதை.

பல மாதங்கள் கழித்து இன்னொரு வைத்தியர் அவளுடைய கீழிமையை மெல்ல அழுத்திப் பார்த்தார். இமை விளிம்பில் தெளிந்த எண்ணெய் வந்திருக்க வேண்டுமாம். வந்தது பற்பசை மாதிரித் தடித்த ஒரு வெள்ளைப் பொருள். "உங்களுக்குக் கண் காய்ஞ்சுதான் கிடக்கு, பிள்ளை" என்றார் அவர்.

தண்ணீர் வடிகிற கண் எப்படிக் காயும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். நாங்கள் கலைப்பீட மாணவர்கள், வைத்தியம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவரின் வலியை எப்போது நோய் என்று ஏற்றுக்கொள்கிறார்கள், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பவை வரலாற்றுக் கேள்விகள்.

எண்ணெயைக் கண்டவர்

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. இமைகளுக்குள் நெடுக்காக அடுக்கி வைத்த மாதிரிச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. அவற்றின் வாய்கள் இமை விளிம்பில் வரிசையாகத் திறக்கின்றன. ஒவ்வொரு தரம் சிமிட்டும்போதும் கொஞ்சம் எண்ணெய் பிதுங்கி வந்து கண்ணீரின் மேல் மெல்லிய படையாகப் பரவுகிறது. கீழே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அந்தப் படைதான்.

1666ஆம் ஆண்டு ஹெய்ன்ரிக் மெய்போம் என்பவர் இந்தச் சுரப்பிகளை விரிவாக விவரித்து எழுதினார். ஜெர்மனியின் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் அங்கேயே வரலாற்றுக்கும் கவிதைக்கும் பேராசிரியரானார். எங்கட பீடத்து ஆள் என்று சொந்தம் கொண்டாட எங்களுக்கும் ஒரு சாட்டு! அவருடைய பெயரால் அவை மெய்போமியன் சுரப்பிகள் என்று அழைக்கப்படுகின்றன. ஆனால் கண் வறட்சி பற்றிய பேச்சின் நடுவுக்கு அவை வந்து சேர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் வைத்தியம் தண்ணீரைத்தான் தேடியது.

ஐந்து நிமிடத் தாள்

1903இல் ஒட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் ஒரு எளிய சோதனையைத் தந்தார். 5 மில்லிமீற்றர் அகலம், 35 மில்லிமீற்றர் நீளமான வடிதாள் துண்டு ஒன்று. அதன் நுனியை மடித்துக் கீழிமைக்குள் கொழுவி ஐந்து நிமிடம் விடுவார்கள். தாள் எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளப்பார்கள். 5 மில்லிமீற்றரும் நனையாவிட்டால் கடுமையான வறட்சி. 10, 15 தாண்டினால் சரி.

மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், செலவும் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் அது வழக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் உண்மையிலேயே குறைந்தவர்களைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை. ஆனால் தாள் எண்ணெயை அளப்பதில்லை. எண்ணெய்ப் படை கெட்டால் கண்ணீர் கெதியாக ஆவியாகிறது. கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்துகிறது. உறுத்தல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி தண்ணீரைக் கொட்டுகிறது. தாள் நன்றாக நனையும், நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுவார். எங்கள் தோழிக்கு நடந்ததும் இதுதான்.

பத்தொன்பது பெண்கள்

1933இல் சுவீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ஷோக்ரன் ஸ்டொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் தன் கலாநிதிப்பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதில் இருந்தவர்கள் கண் காய்ந்த 19 நோயாளிகள். அத்தனை பேரும் பெண்கள். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண் காய்வதையும் வாய் உலர்வதையும் மூட்டு நோவதையும் தனித்தனியாகப் பார்க்காமல், உடம்பு முழுவதையும் பிடித்த ஒரே நோயின் முகங்களாக அவர் பார்த்தார். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற நோய் அது என்பது பிறகு விளங்கியது.

அந்த ஆய்வேட்டுக்கு உயர்ந்த புள்ளி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கான டொசென்ட் தகுதியும் அதனால் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் எழுதியதை 1943இல் ஒரு அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுவதும் அந்த நோய்க்கு ஷோக்ரன் என்றுதான் பெயர். ஆய்வேட்டுப் புள்ளியை நினைத்துக் கவலைப்படுகிற எவருக்கும் இது ஒரு ஆறுதல். ஆனால் எங்களுக்கு அந்த 19 பேரும்தான் கூட நினைவில் நிற்கிறார்கள். தாங்கள் சொன்னவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கேட்க ஒருவர் வரும்வரை அவர்கள் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார்கள்?

தொட்டியின் ஓட்டையை அடைத்தல்

கண்ணுக்கு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கும். இமையின் மூக்குப் பக்க மூலையில் இருக்கிற ஊசித் துவாரத்தால் கண்ணீர் மூக்குக்குள் வடிகிறதுதான் காரணம். கண்ணில் தண்ணீர் காணாதென்றால் அந்த வழியை மூடலாமே? கிணற்றடித் தொட்டியின் ஓட்டையைப் பொச்சுமட்டையால் அடைக்கிற அதே யோசனை. 1935இல் அமெரிக்காவில் பீதம் என்ற வைத்தியர் அந்தத் துவாரத்தை மின்சூட்டால் சுட்டு மூடினார். 1961இல் ஃபோல்ட்ஸ் கரைந்துபோகக்கூடிய ஜெலட்டின் குச்சிகளை வைத்தார். 1975இல் ஜெரி ஃப்ரீமன் சிலிக்கன் அடைப்பானைக் கொண்டுவந்தார். கத்தி இல்லாமல், வைத்தியரின் அறையிலேயே சில நிமிடங்களில் வைக்கலாம், வேண்டாமென்றால் எடுக்கலாம். இன்றைக்கும் வைக்கிறார்கள்.

இத்தனை முறைகளும் தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான். ஆனால் அதே 1961இல் மிஷிமா, மோரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முயல்களின் கண்ணில் எண்ணெய்ப் படையை நீக்கிப் பார்த்தார்கள். கண்ணீர் பல மடங்கு வேகமாக ஆவியானது. 1980இல் அமெரிக்காவின் டொனால்ட் கோர்ப்பும் அன்டோனியோ ஹென்ரிக்கெஸும் கொன்டக்ட் லென்ஸ் போட முடியாமல் அவதிப்பட்டவர்களின் இமைகளை அழுத்திப் பார்த்தார்கள். பலருக்குச் சுரப்பி வாய்கள் அடைபட்டிருந்தன. வெளியே சிவப்போ வீக்கமோ இல்லாததால் அதுவரை யாரும் பார்க்கவில்லை. 'மெய்போமியன் சுரப்பிச் செயலிழப்பு' என்ற பெயரை அவர்கள் வைத்தார்கள். 2011இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு, உலகில் கண் வறட்சிக்கு முதன்மைக் காரணம் இதுவாகவே இருக்கலாம் என்றது.

சூடு, ஊசி, ஒளி

பெயர் வந்த பிறகு கருவிகள் வந்தன. அதே கோர்ப்பின் பங்களிப்பில் உருவான லிப்பிஃப்ளோ 2011இல் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. இமையின் உட்பக்கத்தை ஏறத்தாழ 42.5 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, வெளிப்பக்கமிருந்து விட்டு விட்டு அமுக்கும். 12 நிமிட வேலை. இறுகிப்போன எண்ணெய் உருகி வெளியே வரும். இதற்கு முதல், 2010இல், ஸ்டீவன் மஸ்கின் விறைக்க வைத்த இமையில் மயிர் போன்ற மெல்லிய கம்பியால் சுரப்பி வாய்களைத் திறக்கிற முறையை வெளியிட்டிருந்தார். நோய்க்குப் பெயர் வைத்தவரே அதற்கான இயந்திரத்தின் பின்னாலும் நின்றார் என்பதை ஒரு குற்றமாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் அதைக் குறித்து வைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது கருவி ஒளி. முகம் சிவக்கிற ரொசேசியா என்ற தோல் நோய்க்குப் பளிச் பளிச்சென்று ஒளி அடிப்பது வழக்கம். அந்த நோயாளிகளுக்குக் கண்ணும் சுகமாவதை 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரொலாண்டோ டொயோஸ் கவனித்தார். 2021இல் இந்த முறையில் இயங்கும் ஒரு கருவிக்குக் கண் வறட்சிக்கென்றே அமெரிக்க அனுமதி கிடைத்தது. அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது: ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகை 1 முதல் 4 வரை உள்ளவர்களுக்கு மட்டும்.

இந்த வரியில் நாங்கள் நின்றுவிட்டோம். ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் ஒரு அமெரிக்கத் தோல் வைத்தியர். ஒளிச் சிகிச்சையில் தோல் எவ்வளவு தாங்கும் என்று அறிய 1975இல் ஒரு அளவுகோலை உருவாக்கினார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகைகள். மண்ணிறத்துக்கும் கறுப்புக்குமான 5ஆம், 6ஆம் வகைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. கருமையான தோலில் நிறப்பொருள் அந்த ஒளியை உறிஞ்சும், சுட்டுவிடும். ஆகவே நிபந்தனை எங்களைப் போன்றவர்களின் பாதுகாப்புக்குத்தான். ஆனாலும் புதிய சிகிச்சை என்று கேட்டவுடன் காசைக் கட்டிவிட்டுப் போய்ப் படுக்க முதல், "என்ர நிறத்துக்கு இது சரியோ?" என்று கேட்க எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஒளி முறை பற்றி 2020இல் வந்த கொக்ரேன் மீளாய்வுக்குத் தகுதியான சோதனைகள் மூன்றுதான் கிடைத்தன. உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது அது.

உள்ளங்கைச் சூடு

கண்கட்டி வந்தால் எங்கள் அம்மம்மாமார் விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி இமையில் வைப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விரல் ஒரு நொடியில் ஆறிவிடும். எண்ணெய் உருகச் சூடு சில நிமிடங்களாவது நிற்க வேண்டும். ஆனால் யோசனை ஒன்றுதான். இறுகினதை இளக்குவது.

எங்கள் தோழிக்கு எந்த இயந்திரமும் கிடைக்கவில்லை. இளஞ்சூட்டுத் துணியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் பத்து நிமிடம் வைக்கவும், ஆறினால் மாற்றவும், பிறகு இமையை மெல்லத் தடவவும், திரையைப் பார்க்கும்போது முழுசாகக் கண்ணை மூடித் திறக்கவும் அந்த வைத்தியர் சொல்லிக் கொடுத்தார். திரையைப் பார்க்கையில் நாங்கள் சிமிட்டுவது நன்றாகக் குறைகிறது, சிமிட்டினாலும் அரைகுறை. சிமிட்டாவிட்டால் எண்ணெய் வராது. முழுதாக மாறிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. வாசிக்க முடிகிறது என்கிறாள்.

அவளுக்கு மருந்தைவிட முதலில் நிம்மதி தந்தது வேறொன்றாம். அந்த வைத்தியர் இமையை அழுத்தினதும், வெளியே வந்ததைக் கண்ணாடியில் அவளுக்கே காட்டினார். "நான் பொய் சொல்லேல்லை எண்டு அண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது" என்றாள். தாள் நனைந்தது என்பதற்காக வலி இல்லையென்று ஆகிவிடாது. அடுத்த முறை யாராவது எங்களிடம் கண் எரியுது என்று சொன்னால், பஞ்சி என்று சொல்ல முதல் ஒரு கணம் யோசிப்போமா?